ஏழு வருஷம் நின்ற வண்டியை எடுத்ததும் உதைக்காதீர்கள்

காவேரிப்பட்டணத்தில் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு ஸ்ப்ளெண்டர் பைக் ஏழு வருஷமாக நின்றது. வெளியே தள்ளியதும் மாமா முதலில் செய்தது கிக்கரில் கால் வைத்ததுதான். பாய்ந்து போய்க் காலைப் பிடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் ஓடும் வண்டியில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மெல்லிய ஆயில் படலம் இருக்கும், வருஷக்கணக்கில் நின்றால் அது கீழே வடிந்துவிடும். வெறும் இரும்பில் ஈரக்காற்று பட்டுத் துரு பிடிக்கும், அந்த நிலையில் உதைத்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கு சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். அடம் பிடித்தால் மல்லுக்கட்ட வேண்டாம், இன்னும் கொஞ்சம் ஆயில், இன்னொரு நாள். பழைய இன்ஜின் ஆயிலையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், ஒரு லிட்டர்கூட ஆகாது.

அடுத்தது பெட்ரோல். அது ஒரே பொருள் இல்லை, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. சில 35 டிகிரியிலேயே கொதித்துவிடும், சில 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த இன்ஜின் பற்றிக்கொள்ள உதவுவது அந்த லேசான பகுதிதான், ஆனால் முதலில் ஆவியாகி ஓடிப்போவதும் அதேதான். மிச்சம் இருப்பது ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறும், மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கும். போதாததற்கு இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு கூடினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குப் போகும் குழாய் இருப்பதும் அடியில்தானே! அந்தக் கார்புரேட்டருக்குள், ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது பெட்ரோல் விடும் ஐடிலிங் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, துளிப் பிசின் போதும் அடைக்க. அதனால் பழைய பெட்ரோலை வெட்டவெளியில், பீடி பற்றவைக்கும் ஆள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து முழுசாக இறக்கி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், கிளீனரும் காற்றும் போதும்.

ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி வைக்கோல் அடைத்து வைத்திருந்தது. சைலன்சர் வாயில் குளவி மண் பூசியிருந்தது. இரண்டு பேரையும் காலி செய்தோம்.

சரி, ஸ்டார்ட் ஆகிவிட்டது. மாமா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், உடனே சேலம் போகலாம் என்கிறார். சேலம் என்றால் தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் இருக்கிறது, லாரிகளே பிரேக் பிடிக்காமல் உருண்ட இடம். டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தில் ஷூ என்னும் கட்டை உரசி, வேகம் வெப்பமாக மாறித்தான் வண்டி நிற்கிறது. நீண்ட இறக்கத்தில் பிடித்துக்கொண்டே போனால் டிரம் சூடேறி விரிந்து, ஷூவின் பிடிமானமும் குறையும். புது வண்டிக்கே இந்தக் கதி. நின்ற வண்டியில் டிரம்முக்குள் துரு, ஷூவைத் தள்ளும் கேமும் இறுகிக் கிடக்கும், அதனால் பிரேக் பிடிக்கவும் செய்யாது, பிடித்தால் விடவும் செய்யாது. டிரம்மைத் திறந்து ஈரத்துணியால் துடையுங்கள், ஊதாதீர்கள், பழைய ஷூவில் நுரையீரலுக்கு ஆகாத கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். ஷூ எப்படி இருந்தாலும் புதுசு போடுவதே என் கட்சி.

டயரில் பட்டன் எல்லாம் புதுசு மாதிரிதான் இருந்தது. ஆனால் பக்கச் சுவரை வளைத்துப் பார்த்தால் மயிரிழை விரிசல்கள், காற்றில் உள்ள ஓசோன் ரப்பரைத் தின்ற அடையாளம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 1415 என்றால் 2015-இன் 14-வது வாரத்தில் செய்தது. எங்களுடையதில் அதேதான் இருந்தது. இரண்டு டயரும் டியூபும் மாற்றிய பிறகு ஊர் மைதானத்தில் முதல் கியரில் பத்து ரவுண்டு, ஒவ்வொரு ரவுண்டிலும் பிரேக். சேலத்துக்கு மாமா பஸ்ஸில்தான் போனார்.