ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி: தமிழில் எப்படிச் சொல்வது?

'கொலாபரேட்டிவ் விசிட்டிங் ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி' என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் சொல்ல வேண்டும். அதில் 'ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி' என்பதை அகராதி பார்த்து மொழிபெயர்த்தால் 'கலைஞர் குடியிருப்பு' என்றுதான் வரும். படிப்பவருக்கு ஏதோ வீட்டுவசதித் திட்டம் என்று தோன்றும். தமிழ்நாட்டில் என்றால் கொஞ்சம் அரசியல் வாடையும் சேர்ந்துகொள்ளும். சொல்ல வந்த விஷயமோ வேறு: வெளியிலிருந்து வரும் கலைஞர் ஒருவர் சில வாரமோ ஒரு வருடமோ பல்கலைக்கழகத்திலேயே தங்கி, அங்குள்ளவர்களோடு சேர்ந்து படைப்பில் ஈடுபடுவது.

சொல்லின் வேர் லத்தீன். 'ரெசிடேரே' என்றால் எழுந்து போகாமல் உட்கார்ந்துவிடுதல், தங்கிவிடுதல். ஆங்கிலேயர் ஆட்சியில் சமஸ்தான அரசவைக்கு அனுப்பப்பட்ட பிரதிநிதி 'ரெசிடென்ட்', அவர் இருந்த மாளிகை 'ரெசிடென்சி'. மருத்துவமனையில் மேற்பயிற்சி பெறும் டாக்டரும் ரெசிடென்ட்தான். பணி நடக்கும் இடத்திலேயே இருப்பது என்ற பொருள் எல்லாவற்றிலும் ஓடுகிறது.

இளம் கலைஞர்களைத் தங்கவைத்துப் பயிற்றுவிக்க 1666 இல் ரோமில் பிரெஞ்சு அகாடமி தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக வழக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு 1936 இல் கிடைக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஜான் ஸ்டூவர்ட் கர்ரி என்ற ஓவியரை அழைத்தது. அழைத்தது கலைத்துறை அல்ல, வேளாண் கல்லூரி! அவருக்கு நிலையான பாடவேளை கிடையாது. வளாகத்தில் ஓர் ஓவியக்கூடம் இருந்தது; மாணவர்கள் வந்து வேலையைப் பார்க்கலாம், பேசலாம். அவரும் மாநிலத்தின் கிராமங்களுக்குப் போய், ஓய்வுநேரத்தில் படம் வரையும் விவசாயிகளின் ஓவியங்களைப் பார்த்துக் கருத்துச் சொன்னார். 1946 இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

நமக்கு நெருக்கமான பெயரும் உண்டு. மிருதங்க வித்வான் டி. ரங்கநாதன் 1963 இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு இப்படித் தங்கிப் பணிபுரியும் கலைஞராகத்தான் போனார்.

சிறப்புச் சொற்பொழிவாளர் வருவார், பேசுவார், பொன்னாடையோடு கிளம்பிவிடுவார். இங்கே அப்படி இல்லை. கலைஞர் அங்கே இருப்பதே வேலையின் பாதி. மீதிப் பாதியில்தான் 'கொலாபரேட்டிவ்', அதாவது கூட்டாகச் செய்யும், என்ற அடைமொழி வருகிறது. நடனக் கலைஞர் இயற்பியல் ஆய்வகத்தில் உட்கார்ந்து கவனிக்கிறார். மாணவர்கள் ஒத்திகைக்கு வருகிறார்கள். முடிவில் வரும் படைப்பில் இரு தரப்புக்கும் பங்கு இருக்கிறது. அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யில் 1967 இல் ஜார்ஜி கெபெஷ் என்ற கலைஞர் நிறுவிய காட்சிக்கலை ஆய்வு மையத்தின் நோக்கமும் கலைஞர்களையும் விஞ்ஞானிகள், பொறியாளர்களையும் ஒன்றாக வேலை செய்யவைப்பதுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். இலங்கைத் தமிழில் 'வதிவிடம்' நன்றாகப் புழங்கும் சொல். 'வதிவிடக் கலைஞர்' அங்கே இயல்பாக ஒலிக்கும். தமிழ்நாட்டில் 'உறைவிடம்' பழகிய சொல், 'உண்டு உறைவிடப் பள்ளி' எல்லாருக்கும் தெரியும். உறைதல் என்றால் தங்குதல். குறளில் 'வானுறையும் தெய்வம்' வருகிறதே, அதே உறைதல். பனிபோல உறைந்துவிட்டவர் என்று யாராவது கேலி செய்யலாம். செய்யட்டும்.

என் தேர்வு: ஆளுக்கு 'உறைகலைஞர்', திட்டத்துக்கு 'உறைபணி'. உறைகலைஞர் வினைத்தொகை என்பதால் உறைந்த, உறைகின்ற, உறையும் மூன்றும் அதில் அடக்கம். பணிக்காலம் முடிந்தவருக்கும் பொருந்தும். 'வருகைதரு பேராசிரியர்' ஏற்கெனவே நிலைத்த வழக்கு. ஆகவே முழுத் தொடரும் வேண்டுமென்றால் 'வருகைதரு கலைஞரின் கூட்டு உறைபணி' எனலாம். 'வருகைதரு உறைகலைஞர்' மட்டும் வேண்டாம், கூறியது கூறல். செய்தியில் முதல்முறை வரும்போது 'ரெசிடென்சி எனப்படும் உறைபணி' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து தமிழ்ச்சொல்லை மட்டும் பயன்படுத்தினால் போதும். அழைப்பிதழில் பெயருக்குக் கீழே 'உறைகலைஞர், இசைத்துறை' என்று ஒரே வரியில் அடங்கியும்விடும்.