மாஸ்க் கட்டாயம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

2023 நடுப்பகுதி. இலங்கை மலையகத்தில் எங்கள் டவுனில் ஓர் உள்ளூராட்சி சபைக் கட்டடத்தின் வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செலோடேப் மஞ்சளித்து, தாளின் ஓரம் சுருண்டு கிடந்தது. "முகக்கவசம் இன்றி உள்ளே வர அனுமதி இல்லை. தவிசாளர்." திகதி இல்லை. எந்தச் சட்டம், எந்த வர்த்தமானி (அரசிதழ்) என்று ஒரு வரியும் இல்லை.

சந்தையில் கீரை விற்கும் அக்கா ஒருவர் கடை வாடகை கட்ட வந்திருந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக் காட்டியும் வாசலில் நின்றவர் விடவில்லை. அக்கா ரோட்டைத் தாண்டி என் கொமியூனிகேஷன் கடைக்கு வந்தார். "மாஸ்க் ஒண்ணு குடு தம்பி. கொரோனா சட்டம் இன்னமும் இருக்கா?" என்னிடம் மாஸ்க் இருந்தது, பதில் இல்லை. இருந்ததை விற்றுவிட்டேன். பிறகு தேடிப் படித்ததை அக்காவுக்குச் சொன்னேன். இப்போது இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கையெழுத்து. தவிசாளர் என்றால் சபைத் தலைவர். 2018இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச் 19உடன் முடிந்துவிட்டது. அதன் பிறகு, 2025 மே 6இல் தேர்தல் நடந்து புதிய சபைகள் வரும்வரை, செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வாகத்தைப் பார்த்தார்கள். ஆக, அக்கா வாசலில் நின்ற அன்று அந்தத் தவிசாளர் தவிசாளரே இல்லை. தாள் மட்டும் பதவியில் இருந்தது.

அவர் பதவியில் இருந்திருந்தால் அந்தத் தாள் சட்டமாகியிருக்குமா? விஷயமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கொவிட் காலத்தில் இலங்கையில் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியது எந்த மாநகர சபையும் இல்லை, பிரதேச சபையும் இல்லை. 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். கொலராவையும் பிளேக்கையும் நினைத்து எழுதியது. நம் பாட்டன், பூட்டிமாருக்கு இந்தச் சங்கதி புதிதில்லை. கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் நாள் கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள்தானே நாம்.

அந்தச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதி போடும் அதிகாரம் சுகாதார அமைச்சருக்கு உரியது. 2020 ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொட ஆடைத் தொழிற்சாலைத் தொற்றுக் கொத்தணி வெடித்தது. கொழும்புப் பக்கம் வேலைக்குப் போயிருந்த நம் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் வருவார்களே என்று லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கப் பயந்துகிடந்த நாட்கள் அவை. அதே மாதம் 15ஆம் திகதி ஓர் அதிவிசேட வர்த்தமானி வந்தது. அதுவரை சுகாதார அமைச்சின் வழிகாட்டலாக இருந்த மாஸ்க், தண்டனையோடு கூடிய விதியானது அன்றுதான்.

விதி சொன்னது இதுதான்: பொது இடத்தில் மாஸ்க் அணிய வேண்டும், ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் இடைவெளி விட வேண்டும். வேலைத்தலமோ கடையோ நடத்துபவர், உள்ளே வருகிறவர் மாஸ்க் போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும், உடல் வெப்பத்தை அளக்க வேண்டும், கை கழுவ வசதி வைக்க வேண்டும், வந்தவரின் பெயரைப் பதிய வேண்டும். கடைவாசலில் கொப்பியும் கயிற்றில் கட்டிய பேனையும் தொங்கியது இதனால்தான். பெயர் எழுதச் சொன்னால் எம்.ஜி.ஆர். என்று எழுதிவிட்டுப் போனவர்களும் உண்டு. என் கடைக் கொப்பியிலேயே மூன்று எம்.ஜி.ஆர். இருந்தார்கள்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இதில் இருக்கிறது. பொறுப்பு வாடிக்கையாளருக்கு மட்டும் இல்லை, இடத்தை நடத்துகிறவருக்கும் உண்டு. மாஸ்க் இல்லாமல் ஆளை உள்ளே விட்ட முதலாளியும் விதியை மீறியவர்தான். மீறியவருக்கு 10,000 ரூபா வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீதவான். பொலிஸ் ஆளைப் பிடிக்கலாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நாம் சொல்லும் பீ.எச்.ஐ. மாத்தையா, வழக்குப் போடலாம். குற்றவாளியா, எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்வது நீதிமன்றம் மட்டுமே.

நாடு முழுவதற்கும் உரிய அதிகாரியாக இருந்தவர் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம். தளர்த்தல்களும் மேலிருந்தேதான் வந்தன. 2022 ஏப்ரலில் வெளியிடங்களுக்கான கட்டாயம் எடுபட்டு, உள்ளரங்கமும் பஸ், ரயிலும் மிஞ்சின. ஜூனில் அதையும் எடுத்தார்கள். இதில் எந்த இடத்திலும் ஹட்டன் டிக்கோயா நகர சபையோ நுவரெலியா மாநகர சபையோ பண்டாரவளை மாநகர சபையோ தனியாக முடிவு எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் பேசும்போது நமக்குக் குழப்பம் வருவது இங்கேதான். அமெரிக்காவில் பல இடங்களில் நகரமும் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) தாமே உள்ளரங்க மாஸ்க்கைக் கட்டாயமாக்கின, தாமே எடுத்தன. பிலடெல்பியா நகரம் 2022 ஏப்ரல் 18இல் அதைத் திரும்பக் கொண்டுவந்து, அந்த வாரம் முடியுமுன்னே எடுத்துவிட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி 2021 ஜூலையில் தடுப்பூசி போட்டவர்களும் உள்ளே மாஸ்க் அணிய வேண்டும் என்றது. அந்த ஊர்ச் சட்டம் உள்ளூர் ஆட்சிக்கு அந்தக் கையைக் கொடுத்திருக்கிறது. நம் சட்டம் கொடுக்கவில்லை.

அப்படியானால் சபைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. பிரதேச சபைகளை உண்டாக்கிய 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்தால், சபையின் பொறுப்புகளைச் சொல்லும் 3ஆம் பிரிவிலேயே பொதுச் சுகாதாரம் வந்துவிடுகிறது. தவிசாளர்மார் மேசையைத் தட்டிச் சொல்வதும் இதைத்தான்: "சுகாதாரம் எங்க பொறுப்பு." பொறுப்பு உண்மைதான். ஆனால் பொறுப்பு இருப்பது வேறு, தண்டிக்கும் அதிகாரம் இருப்பது வேறு. பொதுமக்களைக் கட்டுப்படுத்தி, மீறினால் தண்டிக்க வேண்டும் என்றால் சபை துணைவிதி, அதாவது தன் எல்லைக்குள் செல்லும் விதி, இயற்ற வேண்டும். அதைச் சபையில் நிறைவேற்றி, உள்ளூராட்சிக்குப் பொறுப்பான மாகாண அமைச்சரின் அங்கீகாரம் வாங்கி, வர்த்தமானியில் போட்ட பிறகுதான் அதற்கு உயிர். மத்திய மாகாண சபையின் காலமோ 2018இலேயே முடிந்து, கொவிட் வந்த நேரம் அமைச்சரே இல்லாமல் ஆளுநரிடம் போக வேண்டிய நிலை. ஒரு தொற்று அலை ஏறி இறங்கி முடிந்த பிறகும் அந்தக் கோப்பு கச்சேரி மேசையில் கிடந்திருக்கும்.

சபை தன் வீட்டுக்குள் போடும் கட்டுப்பாடு வேறு வகை. நூலகம், கலாசார மண்டபம், சந்தைக் கட்டடம், சபை அலுவலகம் எல்லாம் சபையின் சொத்து. தொற்றுக் காலத்தில் அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும், எத்தனை பேர் இருக்கலாம் என்று தீர்மானம் போடலாம். மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும்போது நிபந்தனை சேர்க்கலாம். மாஸ்க் போடாதவரை நூலகத்துக்குள் விடாமல் இருக்கலாம். ஆனால் அவரிடம் அபராதம் வாங்க முடியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் கடைக்குள் அந்தத் தீர்மானம் வராது. வருமானப் பரிசோதகர் வந்து "மாஸ்க் இல்லாமல் ஆள் விட்டால் வியாபார உரிமம் போகும்" என்று மிரட்டினால், உரிமத்தின் எந்த நிபந்தனையில், எந்தத் துணைவிதியில் அது இருக்கிறது என்று கேட்கலாம்.

அக்காவின் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. வாடகை கட்டுவது அவருடைய கடமை, காசை வாங்கிக்கொள்வது சபையின் கடமை. நூலகத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசிக்க வருகிறவரைத் திருப்புவதும், கட்ட வேண்டிய காசைக் கொண்டுவந்தவரைத் திருப்புவதும் ஒன்றில்லை. விதி நடப்பில் இருந்த காலத்தில்கூட ஜன்னல் வழியாக வாங்கியிருக்கலாம். சில சபைகளில் வாசலில் மேசை போட்டு வாங்கினார்கள். விதி போய் மாதக் கணக்கான பிறகு திருப்பி அனுப்பியது வெறும் பழக்கதோஷம். என் கணிப்பில், யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தாளைக் கழற்றுவது யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனித் தோட்டம். டவுனுக்குச் சொன்ன கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது.

நாம் பிரதேச சபைக்கு வாக்குப் போடுகிறோம். ஆனாலும் நீண்ட காலம் அந்தச் சபை லயத்துக்கு ஒரு கான் (வடிகால்) வெட்டித் தரக்கூடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, கம்பனி நிலம் என்ற பெயரில் தோட்டங்களை வெளியே நிறுத்தியிருந்தது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகுதான் தோட்டக் குடியிருப்புக்கும் சபை செலவு செய்யும் வழி திறந்தது. அதே காலத்தில்தான் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகின: நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. சபை பக்கத்துக்கு வந்தது. தோட்டத்துக்குள் அதன் கை எட்டத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கொவிட் வந்துவிட்டது.

ஆகவே தோட்டத்தில் மாஸ்க் விஷயத்தைப் பார்த்தவர்கள் சபைக்காரர்கள் இல்லை. மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வரும் சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பீ.எச்.ஐ., தோட்டப் பக்கத்தில் துரையும் (தோட்ட முகாமையாளர்) நலன்புரி உத்தியோகத்தரும் டிஸ்பென்சரி ஐயாவும். வர்த்தமானியின் படி தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, ஒரு வேலைத்தலம். விதியைக் காக்க வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துக்கு. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கூரை உண்டு, சுவர் பாதிதான், ஆனாலும் அதுவும் வேலைத்தலம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவமும் அப்படித்தான். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் அழுந்த, மழையில் நனைந்த மாஸ்க் மூக்கோடு ஒட்டிக்கொள்ள, ஏற்றத்தில் மூச்சு வாங்கியபடி வந்து வரிசையில் நின்ற பெண்களிடம் "மூக்கை மூடு" என்று கத்தியவர்கள் இருந்தார்கள். நனைந்ததை மாற்ற இன்னொன்று கொடுத்தவர்கள் குறைவு.

லயக் காம்பரா, லயத்து அறை? அது வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஏழு பேர் இருந்தாலும், புகை போக வழி இல்லாவிட்டாலும், அது வீடுதான். பொது இடத்துக்கான மாஸ்க் விதி அதற்குள் வராது. உள்ளரங்கத்தில் காற்றோட்டம் இல்லாத இடம்தான் ஆபத்து என்று படித்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மலையகத்தில் காற்றோட்டம் மிகக் குறைந்த உள்ளரங்கம் எதுவென்று பார்த்தால் இந்தக் காம்பராதான், அடுத்தது மழைக்கு ஷட்டர் எல்லாம் இறக்கிய ஹட்டன் பஸ். பஸ்ஸை விதி பிடித்தது. காம்பராவைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கவும் கூடாது, ஏனென்றால் அங்கே தேவைப்பட்டது ஜன்னலும் இன்னொரு அறையும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) சாவு வீட்டுக்கும் சடங்குக்கும் ஆள் கூடினால் மட்டும் பீ.எச்.ஐ. வந்தார், கூட்டக் கட்டுப்பாட்டின் பெயரில்.

நாளைக்கு வேறொரு தொற்று வந்தாலும் வழி இதுவேதான், ஏனென்றால் 1897ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அமைச்சர் வர்த்தமானி போட வேண்டும். வர்த்தமானி தமிழிலும் வரும். திகதியும் இலக்கமும் முகப்பிலேயே இருக்கும். யாராவது "கட்டாயம்" என்றால் முதலில் கேட்க வேண்டியது அந்த இலக்கத்தை. ஆஸ்பத்திரிக்கு இதைக் கொண்டுபோய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். நோயாளிகள் இருக்கும் இடத்தில் மாஸ்க் போடச் சொல்வது வைத்தியசாலை நிர்வாகத்தின் நியாயமான கட்டுப்பாடு. நான் இன்றும் பெரிய டொக்டரைப் பார்க்கப் போனால் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

சபையின் அறிவித்தல் தாளைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம், ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: "இந்த அறிவித்தல் எந்தச் சபைத் தீர்மானத்தின்படி, எந்தத் திகதியில் போடப்பட்டது? தீர்மானத்தின் பிரதி தேவை." 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேலே ஆணைக்குழு இருக்கிறது.

கீரைக்கார அக்காவுக்கு அப்படி ஒரு விண்ணப்பம் நான் டைப் செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்த மூன்றாம் நாள் கதவில் தாள் இல்லை. செலோடேப்பின் நான்கு மூலைகளும் மட்டும் ஒட்டியபடி இருந்தன. எழுத்தில் பதில் வரவில்லை. அக்கா மேன்முறையீடு வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த நாள் காலை நாலு மணிக்கு கெப்பெட்டிபொல மரக்கறி லொறிக்குப் போக வேண்டுமாம்.