ரசீதை ஃபார்வர்ட் செய்தால் வேலை முடிந்ததா?

ஆண்டுக் கணக்கை முடிக்கும் நேரத்தில் "ரசீது எங்கே?" என்று கேட்டால், "எல்லாத்தையும் அப்பவே ஃபார்வர்ட் பண்ணிட்டேனே" என்பார்கள். அதில் பொய் இருக்காது. உள்ளே போய்ப் பார்த்தால் அத்தனையும் கணக்கு மென்பொருளின் ரசீதுப் பெட்டியில் கேட்பாரற்றுக் கிடக்கும். வங்கியிலிருந்து இறங்கிய செலவுப் பதிவுகளோ எந்த ஆதாரமும் இல்லாமல் இன்னொரு பக்கம் நிற்கும்.

குவிக்புக்ஸ் ஆன்லைன், ஜீரோ, ஜோஹோ புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருள்கள் எல்லாமே ஆவணங்களை அனுப்ப உங்கள் நிறுவனத்துக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி தருகின்றன. வந்த ரசீதைப் படித்து தேதி, தொகை, விற்றவர் பெயர் ஆகியவற்றைத் தானே எடுத்துவைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. அதற்கு அப்புறம்தான் வில்லங்கம். இதைப் புதிய செலவாகப் பதிவு செய்யவா, ஏற்கெனவே உள்ள பரிவர்த்தனையோடு சேர்க்கவா என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் முதலாவதை அழுத்திவிடுவோம். அதே செலவு பேங்க் ஃபீடு (வங்கிப் பரிவர்த்தனைகளைத் தானாக மென்பொருளுக்குள் இறக்கும் வசதி) வழியாகவும் வந்து பதிவாகும். ஒரே செலவு, இரண்டு பதிவுகள். லாபம் அந்த அளவுக்குக் குறைந்து தெரியும்.

ஒரே செலவு இப்படி இரண்டு தடவை பதிவாவது சுலபத்தில் கண்ணில் படாது. எந்தக் கணக்கிலிருந்து பணம் போனது என்ற கட்டத்தில் பலரும் யோசிக்காமல் ரொக்கம் என்று போட்டுவிடுவார்கள். அதனால் வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட்டோடு கச்சிதமாக ஒத்துப்போகும், யாருக்கும் சந்தேகம் வராது. புத்தகத்தில் ரொக்க இருப்பு மைனஸில் போயிருந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். கையில் இல்லாத காசை எப்படிச் செலவழிக்க முடியும்?

மென்பொருள் தானாகவே ஜோடி சேர்க்காததற்கும் காரணங்கள் உண்டு. ரசீது டாலரில் இருக்கும், கார்டில் பிடித்தது உள்ளூர் நாணயத்தில் இருக்கும். ஒரே ஆர்டரை இரண்டு பார்சலாக அனுப்பி, இரண்டு தடவையாகப் பணம் எடுத்திருப்பார்கள். கார்டு பரிவர்த்தனை வங்கியில் பதிவாக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இப்படிப்பட்டவற்றுக்குப் பரிவர்த்தனையைத் திறந்து, கோப்பைக் கையாலேயே இணைத்துவிடுவது நல்லது. சிரமம் ஒன்றுமில்லை.

எதை இணைக்கிறோம் என்பதும் முக்கியம். "உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்ற மின்னஞ்சல் ரசீது ஆகாது. பொருள் ரத்தாகியிருக்கலாம், தொகை மாறியிருக்கலாம். வரி விவரமும் பில் எண்ணும் உள்ள இன்வாய்ஸ்தான் வேண்டும். சில நிறுவனங்கள் இணைப்பு எதுவும் வைக்காமல் ஒரு லிங்க் மட்டும் அனுப்பும். அதை அப்படியே ஃபார்வர்ட் செய்தால், பின்னாளில் லிங்க் காலாவதியாகி கையில் ஒன்றும் மிஞ்சாது. அன்றைக்கே பிடிஎஃப்பாக இறக்கி அனுப்புங்கள். மின்னஞ்சலின் அடியில் இருக்கும் லோகோ படமும் சில சமயம் தனி ரசீதாக வந்து உட்காரும், அதை அழித்துவிடலாம்.

தானியங்கி ஃபார்வர்டு வைப்பவர்களுக்கு ஒன்று. ஜிமெயில் முதலில் ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அந்த ரசீது முகவரிக்கே அனுப்பும். அதை அங்கே திறந்து பார்க்க வழியில்லாத மென்பொருளாக இருந்தால் வேலை அத்தோடு நின்றது. அதைத் தாண்டினாலும், தானாகப் போகும் மின்னஞ்சலில் அனுப்புநராக இருப்பது விற்றவரின் முகவரிதான். பதிவு செய்த முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே ஏற்கும் மென்பொருள் அதைத் தள்ளிவிடும். வாரம் ஒரு முறை நீங்களே அனுப்புவது எவ்வளவோ மேல். அந்த ரசீது முகவரியை விற்பனையாளர்களுக்குக் கொடுக்காதீர்கள். யார் அனுப்பினாலும் ஏற்கும் பெட்டியாக இருந்தால், போலி இன்வாய்ஸும் மற்றவற்றோடு வரிசையில் வந்து நிற்கும்.

மென்பொருளை மாற்றப் போகிறீர்களா? ஏற்றுமதி செய்யும் கோப்பில் பெரும்பாலும் எண்கள் மட்டுமே வரும், இணைத்த ரசீதுகள் வராது. சந்தாவை நிறுத்துவதற்கு முன்பே அவற்றைத் தனியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.