இளம் பிட்சரின் முழங்கை: மைனர் லீக் காயச் செய்திகளில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள ஃபிரிஸ்கோவில், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் என்ற மேஜர் லீக் பேஸ்பால் அணியின் டபுள்-ஏ கிளையான (மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள) ரஃப்ரைடர்ஸ் 2003ஆம் ஆண்டு முதல் ஆடி வருகிறது. இவ்வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வசிக்கின்றன. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் இங்கே பேஸ்பால் ஆடுகிறார்கள். அவர்களில் சிலர் தோளையோ முழங்கையையோ பிடித்துக்கொண்டு இயன்முறை மருத்துவரான என்னிடம் வருகிறார்கள். உடன் வரும் தந்தையரில் பலருக்கு ரேஞ்சர்ஸின் மைனர் லீக் (மேஜர் லீக்குக்கு வீரர்களை வளர்க்கும் கீழ்நிலை லீக்குகள்) விவரங்கள் அத்துபடி. எந்த இளைஞர் மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் வீசுகிறார், அடுத்து எந்தப் படிக்கு ஏறுவார் என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வார்கள். ஆனால் அதே செய்திகளின் ஓரத்தில் வரும் காயம் பற்றிய வரிகளை அவர்கள் தம் பிள்ளையின் கையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்த வரிகளைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

மைனர் லீக் 2021இல் மறுசீரமைக்கப்பட்ட பிறகு, முப்பது மேஜர் லீக் அணிகளுக்கும் தலா நான்கு முழுப்பருவக் கிளை அணிகள் உள்ளன, கீழிருந்து மேலாக: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. இவற்றுக்குக் கீழே அரிசோனா, ஃபுளோரிடா பயிற்சி வளாகங்களிலும் டொமினிக்கன் குடியரசிலும் தொடக்கநிலை லீக்குகள் நடக்கின்றன. பெற்றோர் கவனிக்க வேண்டியது இந்தப் படிகளைவிட ஆட்ட அட்டவணையை. மைனர் லீக்கில் இப்போது பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியுடன் ஆறு ஆட்டங்கள் நடக்கின்றன, திங்கள் ஓய்வு. அதனால் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் இளம் பிட்சர் (பந்து வீசுபவர்) பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறைதான் மேட்டில் (பந்து வீசும் இடத்தில்) ஏறுகிறார். வளர்ந்து முடிந்த உடலும், பயிற்சியாளர் பட்டாளமும், பல மில்லியன் டாலர் ஒப்பந்தமும் உள்ள இருபத்திரண்டு வயது இளைஞருக்கு இந்த ஓய்வு கிடைக்கிறது. சனிக்கிழமை ஒரு ஆட்டத்திலும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆட்டத்திலும் பந்து வீசிவிட்டு, திங்கட்கிழமை என் முன்னால் வந்து உட்காரும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது கிடைப்பதில்லை.

பிட்சர் குமார் ராக்கரின் கதையை இங்குள்ள பெற்றோர் அனைவரும் அறிவார்கள். தாய்வழியில் இந்திய வம்சாவளியினர் என்பதால் நம்மவர்களுக்கு அவர்மேல் தனி ஈடுபாடு உண்டு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு மாணவராக 2019இல் டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்டிரைக் அவுட் (மட்டையாளர் பந்தை அடிக்க முடியாமல் ஆட்டமிழப்பது) செய்தவர் அவர். 2021 பருவத்தில் மட்டும் 122 இன்னிங்ஸ் வீசினார். அவ்வாண்டு டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) நியூயார்க் மெட்ஸ் அவரைப் பத்தாவதாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் செய்யாமல் விலகிக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய தோளில் ஒரு சிறு அறுவைச் சிகிச்சை நடந்தது. 2022இல் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது இடத்தில் தேர்ந்தெடுத்து 52 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2023இல் ஹை-ஏ நிலையில் ஹிக்கரி அணிக்காக ஆறு ஆட்டங்களைத் தொடங்கினார். மே மாதத்தில் முழங்கையில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை (அறுந்த லிகமென்டுக்குப் பதில் தசைநாண் பொருத்துவது) செய்ய வேண்டியதாயிற்று. மீண்டும் ஆட்டத்தில் பந்து வீசியது 2024 ஜூலையில், அதுவும் அரிசோனா வளாக லீக்கில். பிறகு ஃபிரிஸ்கோ, அடுத்து டிரிபிள்-ஏ நிலையில் ரவுண்ட் ராக், செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் மேஜர் லீக் அறிமுகம்.

இந்தக் கதையை விடாமுயற்சியின் வெற்றியாக மட்டும் சொல்லிப் பிள்ளைகளை ஊக்கப்படுத்துவதைக் கேட்டிருக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் சிகிச்சை அளிப்பவன் என்ற முறையில் என் கண்ணில் படுவது, மே 2023க்கும் ஜூலை 2024க்கும் இடைப்பட்ட பதினான்கு மாதங்கள்.

அந்த மாதங்களில் என்ன நடக்கிறது என்பது புரிய வேண்டுமானால், முழங்கையின் உட்புறத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உட்பக்கத்தில் பிணைத்துப் பிடிக்கும் ஒரு சிறிய லிகமென்ட் அங்கே உள்ளது. பிட்சர் கையைப் பின்னால் சாய்த்து முன்னோக்கிச் சுழற்றும் கணத்தில், முழங்கையின் உட்பக்கம் பிளந்துகொண்டு திறப்பதுபோல் இழுபடுகிறது. வேகமாக வீசும் ஒவ்வொரு பந்திலும் ஏற்படும் இந்த இழுவிசையை அந்த லிகமென்ட் தனியாகத் தாங்க முடியாது. முன்கையின் உட்பக்கத் தசைகள் சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதால்தான் அது அறுபடாமல் தப்பிக்கிறது. தசைகள் களைத்துப்போனால் கூடுதல் பாரம் லிகமென்டின் மீது இறங்குகிறது. காயப் பட்டியலில் ஓர் இளம் பிட்சரின் பெயருக்கு எதிரே ‘முன்கை இறுக்கம்’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும்போது, அனுபவமுள்ள இரசிகர்கள் உடனே கவலைப்படுவது இதனால்தான். எல்லா முன்கை இறுக்கமும் லிகமென்ட் கிழிசலில் முடிவதில்லை. பல சமயம் சில வார ஓய்வில் சரியாகிவிடும். ஆனாலும் அந்தத் தசைகள் இனித் தாங்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லும் அறிகுறியாக அதை எடுத்துக்கொள்வது நல்லது. அணிகளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு, வீசுவதை உடனே நிறுத்தி எம்ஆர்ஐ எடுக்கின்றன.

லிகமென்ட் அறுந்துவிட்டால், மணிக்கட்டுப் பக்கமுள்ள மெல்லிய தசைநாண் ஒன்றையோ தொடையின் பின்புறத் தசைநாண் ஒன்றையோ எடுத்து, எலும்பில் துளையிட்டு, அந்த இடத்தில் புதிதாகப் பொருத்துகிறார்கள். 1974 செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதன்முறையாக டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்குச் செய்தார். ஜான் 1976இல் திரும்பி வந்து, 1989 வரை ஆடி, தன் 288 வெற்றிகளில் 164ஐ அதற்குப் பிறகே பெற்றார். அறுவைச் சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பொருத்தப்பட்ட தசைநாண் லிகமென்டாக மாறிப் பழக ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கிறது. இதைப் பணத்தாலோ பயிற்சியாலோ விரைவுபடுத்த முடியாது. முதல் சில மாதங்கள் பந்தையே தொடாமல் மூட்டின் அசைவையும் தோள், முதுகு, இடுப்பின் வலிமையையும் மீட்க வேண்டும். பிறகு 45 அடி தூரத்தில் மெதுவாக வீசத் தொடங்கி, நாள்விட்டு நாள், படிப்படியாக 120 அடிவரை செல்ல வேண்டும். மேட்டில் ஏறுவது அதற்கும் பிறகு.

“ஆபரேஷன் பண்ணிட்டா கை முன்னைவிட ஸ்ட்ராங் ஆயிடுமாமே, டாக்டர்?” என்று என்னிடம் கேட்ட தாய்மார்கள் உண்டு. ஆகாது. திரும்பி வரும் பிட்சர் முன்னைவிட வேகமாக வீசினால், அதற்குக் காரணம் ஓராண்டு முழுக்க அவர் செய்த உடற்பயிற்சியும், காயத்துக்கு முந்தைய மாதங்களில் வலியோடு வீசியதால் வேகம் ஏற்கெனவே குறைந்திருந்ததும்தான். திரும்பவே முடியாதவர்கள் செய்தியில் வருவதில்லை. ராக்கரேகூட 2025 ஏப்ரலில் தோள்பட்டைத் தொல்லையால் மறுபடியும் காயப் பட்டியலுக்குப் போனார்.

இந்தக் காயங்கள் பெருகுவதை மேஜர் லீக் நிர்வாகமே ஒப்புக்கொண்டுள்ளது. 2024 டிசம்பரில் அது வெளியிட்ட அறிக்கைக்காக, மருத்துவர்கள், பயிற்சியாளர்கள், முன்னாள் பிட்சர்கள் என இருநூறுக்கும் மேற்பட்டோரிடம் பேசினார்கள். 2010இல் மேஜர், மைனர் லீக்குகளில் சேர்த்து 104 ஆக இருந்த டாமி ஜான் அறுவைச் சிகிச்சைகள் 2024இல் 281 ஆகிவிட்டன. மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பால் எனப்படும் வேகப்பந்தின் சராசரி வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2 மைல். வேகத்தைத் துரத்துவதும், பந்தின் திருப்பத்தைக் கூட்டுவதும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதும்தான் முக்கியக் காரணங்கள் என்று அறிக்கை கூறுகிறது. இந்தப் போக்கு பள்ளி வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் இறங்கிவிட்டதை அது கவலையோடு பதிவு செய்திருப்பதுதான் என் பார்வையில் அதன் மிக முக்கியமான பகுதி.

ராக்கருடன் வாண்டர்பில்டில் ஆடிய ஜாக் லைட்டரை 2021 டிராஃப்டில் ரேஞ்சர்ஸ் இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தது. அவர் 2022 முழுவதும் ஃபிரிஸ்கோவில் திணறினார். 2023 கோடையில் அணி அவரை மேம்பாட்டுப் பட்டியலில் வைத்தது. காயம் இல்லாத ஆட்டக்காரரை ஆட்டங்களிலிருந்து விலக்கி, அவருடைய வீச்சு முறையைச் சீர்செய்ய மைனர் லீக்கில் இருக்கும் ஏற்பாடு அது. அப்போது இரசிகர்களிடையே ஏமாற்றம் இருந்தது. எனக்கோ, செய்திகளிலேயே மிகவும் பிடித்த செய்தி அதுதான். வலியே இல்லாத ஒரு பையனைச் சில வாரம் ஆட்டத்திலிருந்து எடுத்து வீச்சைத் திருத்தலாம் என்று நான் சொன்னால், பருவத்தின் நடுவில் எப்படி முடியும் என்று கேட்காத பெற்றோர் அரிது.

பிள்ளைகளின் முழங்கை இளைஞரின் முழங்கையைப் போன்றதன்று. அங்கே லிகமென்டைவிடப் பலவீனமான இடம், அது எலும்போடு சேருமிடத்தில் உள்ள வளர்ச்சித் தட்டு. முழங்கையின் உட்புற மேட்டில் இருக்கும் அந்தக் குருத்தெலும்புத் தட்டு, பையன்களுக்கு ஏறத்தாழ பதினான்கு முதல் பதினேழு வயதுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்கு முன்பு மீண்டும் மீண்டும் இழுத்தால் வீங்கி, விரிந்து, சில சமயம் எலும்புத் துண்டோடு பிய்ந்தும் வந்துவிடும். பரிசோதனை மிக எளிது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்வேன். வீசும் கை முழுதாக நீளாமல் சற்று மடங்கியே நிற்கும். உட்புற எலும்பு மேட்டில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் பையன் முகத்தைச் சுளிப்பான், ஆனால் “வலிக்கல” என்பான். அதே நேரத்தில் தந்தை தன் கைப்பேசியை நீட்டி, “போன வாரம் எழுபது மைல் தொட்டுட்டான் சார்” என்று வேகமானியின் படத்தைக் காட்டுவார்.

விதிகள் இல்லாமல் இல்லை. 2007 முதல் சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கில் இன்னிங்ஸுக்குப் பதிலாகப் பந்துகளை எண்ணுகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்காரர் ஒரு நாளில் 85 பந்துகளும், பதின்மூன்று வயதுக்காரர் 95 பந்துகளும் வீசலாம். 66 பந்துகளோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு. மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல், ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் பந்து வீசாமல் இருக்கச் சொல்கிறது. ஆனால் ஒரு லீக்கின் கணக்கு இன்னொரு லீக்குக்குத் தெரியாது. பள்ளி அணிக்கும் வார இறுதிப் போட்டி அணிக்கும் ஆடும் பையனின் இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்டிப் பார்ப்பவர் வீட்டில் இருந்தால்தான் உண்டு. ஆட்டத்துக்கு முன் சூடேற்ற வீசுவதும், தனிப் பயிற்சியாளரிடம் வீசுவதும், பிட்சிங் முடிந்ததும் கேட்சராக (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவராக) உட்கார்ந்து திருப்பி எறிவதும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் 481 இளம் பிட்சர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் நூறு இன்னிங்ஸுக்குமேல் வீசியவர்களுக்குக் கடும் காய வாய்ப்பு மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. இருபத்திரண்டு வயதில் மைனர் லீக்கில் அறுபடும் லிகமென்டுகளில் பல, பதின்மூன்று வயதிலிருந்தே தேய்ந்து வந்தவை என்பதுதான் என் கணிப்பு.

மட்டையாளர்களும் தப்புவதில்லை. 2023 உலகத் தொடரை (மேஜர் லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் போட்டியை) வென்ற ரேஞ்சர்ஸ் அணியில் இருந்த ஈவன் கார்ட்டர், 2021இல் சிங்கிள்-ஏ நிலையில் கீழ்முதுகின் அழுத்த முறிவால் 32 ஆட்டங்களோடு நின்றுவிட்டார்; 2024இல் அதே கீழ்முதுகுத் தொல்லை மீண்டும் வந்து அவருடைய பருவத்தைப் பாதியில் முடித்தது. வளரும் வயதில் ஒரே பக்கமாகச் சுழலும் முதுகு வலித்தால், தைலம் தேய்த்துவிட்டு அனுப்ப வேண்டாம். இரண்டு வாரம் தாண்டிய முதுகுவலிக்குப் படம் எடுத்துப் பார்ப்பதே சரி.

முழங்கையைப் பொறுத்தவரை, வீசிய மறுநாள் காலையும் உட்பக்கம் வலித்தால், கை முழுதாக நீளாவிட்டால், அல்லது வழக்கமாக நேராகப் போகும் பந்து திடீரென்று உயரே போகத் தொடங்கினால், அந்த வாரம் வீச்சை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். வளர்ச்சித் தட்டு ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதால், தேவைப்பட்டால் இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவார்கள். எலும்பு விலகாத நிலையில் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம் எறியாமல் இருந்து, பிறகு குறுகிய தூரத்தில் தொடங்கிப் படிப்படியாக வீச்சுக்குத் திரும்ப வேண்டும். இடையில் மட்டை பிடிக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அழுத்தும்போது வலி போன பிறகு, பெரும்பாலும் பிடிக்கலாம். கேட்சராக மட்டும் அனுப்ப வேண்டாம். பிட்சர் வீசும் ஒவ்வொரு பந்தையும் அவர்தான் திருப்பி எறிகிறார்.