மொத்தப் பெடியன் எல்லாரும் புரொப் இல்லை

இந்தத் தவணையில் இது மூன்றாவது கழுத்து. பதினைந்து வயதுப் பெடியன், றக்பி பழகத் தொடங்கி மூன்று வாரம். ஸ்க்ரம், அதாவது இரண்டு அணியின் எட்டு எட்டுப் பேரும் தலை கோத்துத் தள்ளுகிற கூட்டு, சரிந்தபோது வலது தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இருந்ததாம். இரண்டு நாள் வீட்டில் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் சோற்றுக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் போனபிறகுதான் தகப்பன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"தம்பி, எந்த இடத்தில நிண்டனீர்?"

"மூண்டாம் நம்பர், டொக்டர். புரொப்."

"ஆர் அங்க விட்டது?"

"முதல் நாளே சேர் சொன்னவர், நீ மொத்தம், முன்னுக்குப் போ எண்டு."

தகப்பன் குறுக்கிட்டார். "உடம்பு இருக்கிற பிள்ளையை அங்கதானே விடுவினம், ஐயா?"

அவரில் கோபிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட்டும் உதைபந்தும் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். றக்பி எங்களுக்குப் புதிது. ஆனால் மைதானத்தில் விசில் பிடிக்கிறவரும் அதையே நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பதினைந்து பேரில் 1 முதல் 8 வரை முன்னணி, 9 முதல் 15 வரை பின்னணி. முன்னணியிலும் முதல் மூன்று பேர்தான் முன்வரிசை: இரண்டு பக்கமும் புரொப், நடுவில் ஹூக்கர். எதிரணி மூவரோடு தலை கோத்து நிற்பவர்கள் இவர்கள். 1ஆம் இலக்கப் புரொப்புக்குத் தலையின் ஒரு பக்கம் வெளியே இருக்கும். 3ஆம் இலக்கக்காரனின் தலையோ எதிரணியின் இரண்டு தலைகளுக்கு நடுவே மாட்டியிருக்கும். இரண்டு தோளிலும் பாரம். முன்னாலிருந்து எதிரணி தள்ள, பின்னாலிருந்து சொந்த அணியின் இரண்டாம் வரிசைக்காரனான லொக் தள்ளுவான். ஹூக்கரின் நிலை இன்னும் மோசம். இரண்டு கையும் இரு புரொப்பையும் பிடித்திருக்கும், ஸ்க்ரம் விழுந்தால் ஊன்றுவதற்கு ஒரு கைகூட மிச்சமில்லை.

இத்தனை பாரத்தையும் தாங்குவது வண்டி வயிறு இல்லை. உடம்பின் நிறையும் இல்லை. கழுத்துத் தசை, மேல்முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இறுகி நிற்கிற பலம்தான் தாங்குகிறது. அது இல்லாத பெடியன் முதுகைக் கூனி, நாடியை நெஞ்சில் ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போவான். ஸ்க்ரம் சரிந்தால் கழுத்து முன்னுக்கு மடியும், அவனுடைய சொந்த நிறையே அந்த மடிப்பில் இறங்கும். மெலிந்த பெடியனைவிட மொத்தப் பெடியனுக்குத்தான் அப்போது ஆபத்து அதிகம். இதை எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொல்லியாயிற்று!

என்னிடம் புரொப் என்று வருகிற பிள்ளையை நான் முதலில் தராசில் ஏற்றுவதில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, நாடியை உள்ளிழுத்துத் தலையை இரண்டு விரலளவு உயர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்பேன். இந்தப் பெடியன் எட்டாவது செக்கனில் நடுங்கத் தொடங்கிவிட்டான். இந்தக் கழுத்தோடுதான் மூன்று வாரம் அங்கே நின்றிருக்கிறான்.

உடம்பைப் பார்த்து இடம் கொடுப்பது சரியென்றால் நியூசிலாந்தின் ஜோனா லோமுவை யாரும் விங்கில், மைதானத்து ஓரத்தில் பந்தோடு ஓடுகிற இடத்தில், விட்டிருக்க மாட்டார்கள். பாடசாலையில் முன்னணியில் ஆடியவர், 1.96 மீற்றர் உயரம். 1995 உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக விங்கில் நின்று நான்கு தரம் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி நான்கு ட்ரை வைத்தார். தென்னாபிரிக்காவின் டெண்டாய் ம்டவாரிரா எதிர்த்திசையில் போனவர். முன்னணியின் கடைசி வரிசையில் ஆடிப் பழகி, பிறகு புரொப்பாக மாற்றப்பட்டு, 2019இல் உலகக் கிண்ணம் வென்ற அணியின் ஸ்க்ரமைத் தாங்கினார். இரண்டு பேருக்கும் யாரோ ஒருவர் பொறுமையாகப் பார்த்து இடம் தேடிக் கொடுத்திருக்கிறார்.

பதினாலு வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், அதே வகுப்பில் இன்னொருவனுக்குக் குரலே உடைந்திராது. இன்றைக்குக் குட்டையும் மொத்தமுமாக இருப்பவன் பதினேழில் தென்னை மாதிரி நிமிர்ந்துவிடுவான். அந்த வயதில் எல்லா இடத்திலும் ஆடவிடுங்கள். இலக்கம் பிறகு வரட்டும்.

வேறு எதைப் பார்ப்பது என்று கேட்கிறீர்களா? எங்கள் பிள்ளைகளின் கையிலும் காலிலும் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். கிளித்தட்டில் தட்டுக்காரனை ஏமாற்றி இடுப்பை வெட்டி ஓடுகிறவனிடம் சென்டரும் விங்கும் இருக்கின்றன. வலையடியில் சரியான நேரத்துக்கு எழும்பி அடிக்கிற கரப்பந்துக்காரனுக்கு, ஓரக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிகிற லைன் அவுட்டில் எப்போது குதிப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அவன் லொக். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பெடியளுக்குப் பந்தை உதைப்பது கைவந்த கலை. அவர்களில் தலை நிமிர்த்தி முழு மைதானத்தையும் பார்த்துவிட்டு உதைக்கிறவனை ஃப்ளை ஹாஃபில் விட்டுப் பாருங்கள். எல்லைக்கோட்டில் உயரப் பந்தைப் பயமில்லாமல் பிடிக்கிற கிரிக்கெட்காரன் ஃபுல் பேக்குக்குப் போகலாம். விழுந்ததும் முதல் ஆளாக எழும்பிப் பந்துக்குப் போகிறவன் பிளாங்கர். உயரம் பற்றிக் கவலைப்படாமல், பந்தை வேகமாகக் கொடுத்துக்கொண்டே எட்டுப் பேரையும் வாயால் மேய்க்கத் தெரிந்தவன் ஸ்க்ரம் ஹாஃப்.

புரொப்பா? பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் கயிறிழுக்கும்போது பாருங்கள். முதுகு நேராக, இடுப்பு தாழ்ந்து, கால் வழுக்காமல் நிற்கிற பெடியனைத் தேடுங்கள். அவனையும் நாளைக்கே ஸ்க்ரமில் விடாதீர்கள். கழுத்துப் பயிற்சியைக் கிழமைக்கு மூன்று நாளாவது ஒழுங்காகச் செய்யவிடுங்கள். முதலில் ஒருவனோடு ஒருவன், பிறகு மூன்று பேரோடு மூன்று பேர், அதன்பிறகுதான் எட்டு. நாடி மேலே, கண் முன்னே, தோள் ஒருபோதும் இடுப்புக்குக் கீழே போகக்கூடாது.

பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரமை 1.5 மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது என்று விதியே இருக்கிறது. பயிற்சி பெற்ற முன்வரிசைக்காரர் இல்லையென்றால் தள்ளாத ஸ்க்ரம் ஆடலாம். அதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு? மத்தியஸ்தரிடம் போய்ச் சொல்லுங்கள். பிள்ளையின் கழுத்தைவிட மானம் பெரிதில்லை.

டக்கிள், பந்தோடு வருகிறவனைப் பிடித்து விழுத்துவது, எல்லா இடத்துக்கும் பொது. பந்தோடு வருகிறவனின் முன்னால் தலையைக் கொடுக்காமல் பக்கத்தில், பின்புறமாக வைக்கப் பழக்குங்கள். தலையில் அடிபட்டு ஒரு கணம் தடுமாறினாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. மூன்று வாரம் முடியுமுன் போட்டியில் விடாதீர்கள். "இறுதிப் போட்டி, டொக்டர்" என்று என்னிடம் வராதீர்கள்.

அம்மா, அப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். விளையாடினால் நோகும்தானே என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளை சோற்றுக் கோப்பையைக் கை மாற்றிப் பிடிக்கிறானா, சட்டை போடும்போது முகம் சுளிக்கிறானா என்று பாருங்கள். அணியில் இடம் போய்விடுமென்ற பயத்தில் அவன் தானாகச் சொல்ல மாட்டான். திட்டாமல் கேளுங்கள்.

ஒரு கை விறைத்தால் உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டு கையும் விறைத்தாலோ, கால் மரத்தாலோ, கழுத்து எலும்பில் நேராக நோவு என்றாலோ தூக்காதீர்கள், இருத்தி எழுப்பாதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே தலை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கட்டும். ஓட்டோவில் ஏற்ற வேண்டாம்.