பைபாஸுக்குக் காலா, கையா, நெஞ்சா?

பைபாஸ் செய்துகொண்டவர்கள் பலருக்கு நெஞ்சில் மட்டுமல்ல, காலிலும் நீளமாக ஒரு தழும்பு இருக்கும். அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுக் குழாய் வேண்டுமே, அதற்காகக் காலிலிருந்து சிரையை எடுத்த இடம் அது. 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ரெனே ஃபவலோரோ தொடங்கிவைத்த பிறகு பரவிய வழக்கம்.

கால் சிரையை எடுப்பது சுலபம், நீளமும் தாராளம். ஆனால் குறைந்த அழுத்தத்திலேயே வாழ்ந்து பழகிய குழாய் அது. தமனியின் அழுத்தம் வந்து மோதியதும் சுவர் தடிக்கிறது, நாளடைவில் கொழுப்பும் படிகிறது. பத்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட பாதிச் சிரைகள் அடைபட்டோ பழுதாகியோ போகின்றன.

மார்பெலும்பின் ஓரமாக, உட்பக்கம் இறங்கும் உள்மார்புத் தமனியின் கதையே வேறு. இதில் கொழுப்பு படிவது அபூர்வம். உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைத் தாராளமாகச் சுரந்து குழாயை விரிந்தே வைத்திருக்கும். மேல்முனையை அறுக்கவும் வேண்டாம், கீழ்முனையை மட்டும் வெட்டி இதயத்தில் தைத்தால் போதும். பத்து ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். அதனால் இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியத் தமனிக்கு இடது உள்மார்புத் தமனி என்பதில் இன்று பெரிதாகச் சர்ச்சை இல்லை.

சரி, மற்ற அடைப்புகளுக்கு? இங்கேதான் மருத்துவர்களுக்குள் வாதம்.

கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ரேடியல் தமனியை 1970-களில் பாரிஸில் அலெய்ன் கார்ப்பான்டியே பயன்படுத்திப் பார்த்தார். அதில் தசை அதிகம், தொட்டாலே சுருங்கிக்கொள்ளும். பல குழாய்கள் அடைபடவே கைவிட்டார்கள். சுருக்கத்தைத் தடுக்கும் மருந்துகளோடு 1990-களில் அது திரும்பி வந்தது. ஆறு ஆய்வுகளின் 1,036 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ம் ஆண்டு அலசலில், ஐந்து ஆண்டுகளில் சிரையைவிட ரேடியல் குறைவாகவே அடைபட்டது, மாரடைப்பும் குறைவு. இவ்வளவுக்குப் பிறகும் பலர் சிரையையே நாடுவது எனக்கு ஆச்சரியம்தான்.

ஆனால் ரேடியலுக்கு ஒரு விசித்திர நிபந்தனை உண்டு: அடைப்பு மோசமாக இருக்க வேண்டும்! பாதி அடைப்புதான் என்றால் பழைய பாதையிலும் ரத்தம் தாராளமாக வரும். புதுக் குழாயில் ஓட்டம் மந்தமாகி, அது நூலாகச் சுருங்கிவிடும். அதனால் இதயத்தின் இடப்பக்கத் தமனிக் கிளைகளில் குறைந்தது 70 சதவீத அடைப்பாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; இதயத்தின் வலது தமனியில் 90 வரை எதிர்பார்ப்பார்கள். சிரை இந்த விஷயத்தில் அவ்வளவு முரண்டு பிடிக்காது.

கையையும் சோதிக்க வேண்டும். முஷ்டியை இறுக்கச் சொல்லி, மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடிப்பார்கள். கையை விரித்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் விட்டதும் சில நொடிகளில் சிவந்தால், ரேடியல் இல்லாமலும் கை சமாளிக்கும். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்த கை என்றால் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், உட்சுவர் சேதமாகியிருக்கலாம். பின்னால் டயாலிசிஸ் தேவைப்படக்கூடிய சிறுநீரக நோயாளியிடமும் எடுக்க மாட்டார்கள்.

வலது உள்மார்புத் தமனியையும் எடுக்கலாமே என்றால், மார்பெலும்புக்கு ரத்தம் தருபவையே இந்த இரண்டும்தான். சர்க்கரை நோயும் உடல் பருமனும் இருந்தால் எலும்பு கூடாமல் புண் சீழ்பிடிக்கும் ஆபத்து கூடும். 3,102 பேரைப் பத்தாண்டு தொடர்ந்த ஆய்வு 2019-ல் வெளியானது; எடுத்தது ஓர் உள்மார்புத் தமனியா இரண்டா என்பதால் உயிர்பிழைப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு எடுக்க வேண்டியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒன்றுதான் எடுக்க முடிந்தது என்பதால் வாதம் அப்போதும் ஓயவில்லை.

ஐம்பது வயதுக்காரருக்குத்தான் இந்த வாதம் அதிகம் பொருந்தும். எண்பதைத் தாண்டியவருக்கு உள்மார்புத் தமனி ஒன்றும் கால் சிரையும் போதும் என்று பல மருத்துவர்கள் யோசிக்காமல் முடிவெடுத்துவிடுகிறார்கள்.