களி குடிப்பது அதிகம், கொடுப்பது கொஞ்சம்

'பண்ருட்டிப் பக்கம் செம்மண் கொல்லையில் மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) தண்ணீர் கட்டின நாலாம் நாளே இலை சுருங்குகிறது. காட்டுமன்னார்கோயில் களியில் நெல் அறுத்த ஈரத்திலேயே உளுந்து விளைகிறது. களி தண்ணீரை அதிகம் பிடிப்பதாலா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதிதான் சரி.

மணல் 2 முதல் 0.05 மி.மீ. வரை, வண்டல் 0.002 வரை, அதற்கும் கீழே களி. இந்த மூன்றின் விகிதம்தான் மண் நயம். ஆனால் தண்ணீர் தங்குவது துகள்களுக்கு இடையிலுள்ள சந்தில். சந்து குறுகக் குறுகப் பிடி இறுகும். 30-ஐச் சந்தின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால், அதில் தண்ணீர் எத்தனை மி.மீ. ஏறி நிற்கும் என்பது வந்துவிடும். 0.03 மி.மீ. சந்தில் ஒரு மீட்டர். அந்தச் சந்தைக் காலி செய்யவும் அதே ஒரு மீட்டர் நீர்த்தூண் அளவுக்கு இழுத்தாக வேண்டும். மண் ஈரக் கணக்கு மொத்தமும் இதற்குள் அடக்கம்.

மழை விட்டு இரண்டு நாளில், வடிய வேண்டியது வடிந்தபின் நிற்பது வயல் கொள்திறன். ஆய்வகத்தில் இதற்கு 33 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 3.3 மீட்டர் இழுப்பு. 9 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய சந்தெல்லாம் அப்போது காலி. வேரால் முடிந்த எல்லை, அதாவது வாடல் நிலை, 1500 கிலோபாஸ்கல், 150 மீட்டர்: சிதம்பரம் கோபுரத்தை மூன்று முறைக்கு மேல் அடுக்கிய உயரம்! 0.2 மைக்ரானுக்குச் சிறிய சந்தில் உள்ள நீர் அதற்கும் அசையாது. களியில் அந்தச் சந்துகளே ஏராளம்.

அமெரிக்க மண்களை வைத்து சாக்ஸ்டன், ரால்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட சமன்பாடுகளின்படி, மணற்பாங்கான செம்மண் போன்ற நயத்துக்குக் கொள்திறன் கன அளவில் 18%, வாடல் நிலை 8%. பயிருக்குக் கிடைப்பது 10. களிக்கு 42, 30. கிடைப்பது வெறும் 12. வண்டல் கலந்த மண்ணோ 31, 11, கிடைப்பது 20. களி 10% கூடினால் வாடல் நிலையும் சுமார் 5, 6% ஏறிவிடுகிறது.

30 செ.மீ. வேராழத்துக்குச் செம்மண்ணில் 30 மி.மீ., களியில் 36. நாளுக்கு 5 மி.மீ. செலவானால் ஆறு நாள், ஏழு நாள். பாதி தீர்ந்ததுமே பயிர் திணறும் என்பதால் மல்லாட்டையின் நாலாம் நாள் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஒரு நாள் வித்தியாசத்தில் உளுந்து பிழைக்காது. மாதக்கணக்கில் நீர் கட்டிய நெல் வயலில் அடிமண்ணும் நிறைந்திருக்கிறது. மேல்மண் காயக் காய வேர் கீழே இறங்குகிறது. பனியும் கொஞ்சம் கைகொடுக்கும்.

நயத்தை வீட்டிலேயே பார்க்கலாம். உலர்த்திப் பொடித்து 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண், தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். நேர்சுவர் பாட்டிலில் போட்டுப் பத்து நிமிடம் குலுக்கவும். 10 செ.மீ. நீரைக் கடக்க மணலுக்கு 40 வினாடி போதும். வண்டலுக்கு நம்மூர் 30 டிகிரியில் ஆறு மணி நேரத்துக்கு மேல். மிச்சம் களி. அந்த அடுக்கு உப்பியே இருக்கும் என்பதால் உயரத்தை அப்படியே விகிதமாக எடுத்தால் களி கூடுதலாகத் தெரியும். கடலோர மண்ணில் தலைகீழ்: உப்பு களியைத் திரட்டி வண்டலோடு இறக்கிவிடும். ஒரு மணியில் நீர் தெளிந்தால் மண்ணை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டு மறுபடி செய்யுங்கள். செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு களியைப் பொடி உருண்டைகளாக ஒட்டிவைக்கும். நன்றாகக் குலுக்கினால் பாட்டில் 'களி' என்னும், வயலில் அது மணலாகவே நடந்துகொள்ளும்.

2015-ல் வந்த மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவீடுகள் உண்டு. மணல், வண்டல், களி விகிதம் அதில் இல்லை. பாசனம் தீர்மானிக்கும் எண்ணே விடுபட்டிருப்பது எனக்குப் புரியாத சிக்கனம். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவருக்குக் கொடுக்கும் காசில் ஒரு நயப் பரிசோதனை செய்துவிடலாம்.

சமன்பாட்டை நம்பும் முன் ஒரு சோதனை. நன்கு நனைத்து, ஆவியாகாமல் மூடி, இரண்டு நாள் கழித்து மண் எடுத்து எடை போடுங்கள். 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை. குறைந்த எடையை உலர் எடையால் வகுத்து, மணற்பாங்குக்கு 1.5, களிக்கு 1.3 என்ற பரும அடர்த்தியால் (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, கிராமில்) பெருக்கினால் கொள்திறன். இந்த 1.3 வெடிப்பு விட்ட களிக்குப் பொருந்தாது. சுருங்கிய கட்டியின் அடர்த்தி அதைவிடக் கூடுதல், அங்கே ஈரமாக இருக்கும்போதே மண் எடுத்துவிட வேண்டும்.